தூதரகப் படி ஏறமுன்: திருகோணமலையிலிருந்து வெளிநாடு போவோருக்கும் வீட்டில் இருப்போருக்கும்

கச்சேரிப் பக்கம், அதாவது மாவட்டச் செயலகத்தடியில், படிவம் நிரப்பிக் கொடுப்பது என் வேலை. கட்டைபறிச்சானிலிருந்து ஓர் அம்மா வந்து ஒரு சொப்பிங் பையை என் மேசையில் கவிழ்த்தார். உள்ளே மகன் கலியாண வீடொன்றில் நிற்கும் படம் ஒன்று, வங்கியில் காசு எடுத்த ரசீது இரண்டு, ஒரு பழைய போன். மகன் கட்டாரில். மூன்று கிழமையாகப் பேச்சு மூச்சு இல்லை. "தம்பி, எம்பசிக்கு ஒரு கடிதம் எழுதித் தாங்கோ" என்றார். கடவுச்சீட்டு இலக்கம் கேட்டேன். தெரியாது. கம்பனியின் பெயர்? "அல் என்று தொடங்கும், தம்பி." அங்கே எத்தனையோ கம்பனிகளின் பெயர் அப்படித்தான் தொடங்குகிறது.

கடைசியில் அந்தப் பழைய போன்தான் கைகொடுத்தது. எப்போதோ மகன் வட்ஸ்அப்பில் அனுப்பிய காசுச் சிட்டைப் படம் ஒன்று அதில் கிடந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் மூலையில் அவனுடைய கட்டார் அடையாள அட்டை இலக்கம், பதினொரு எண்கள். அதைப் போட்டுக் கடிதம் அனுப்பினோம். ஒன்பதாம் நாள் பதில் வந்தது: வீதி விபத்து, ஆஸ்பத்திரியில் இருக்கிறான், உயிருக்கு ஆபத்தில்லை.

அந்தப் படம் கிடைத்திராவிட்டால் என்ன செய்திருப்போம் என்று இன்றும் யோசிக்கிறேன். தூதரகம் என்றால் தொலைதூரத்தில் எங்கோ இருக்கும் கட்டடம் என்று நினைக்கிறோம். ஆனால் அங்கே இருக்கும் அதிகாரி நம் பிள்ளைக்கு உதவ வேண்டுமென்றால், அவர் கேட்கும் தாள்களில் பாதி திருகோணமலையில் நம் வீட்டு அலுமாரியில் இருக்க வேண்டும். இந்தக் கட்டுரையை அதற்காகவே எழுதுகிறேன். முதன்முறை வெளிநாடு போகிறவரும், அவரை அனுப்பிவிட்டு இருக்கும் தாய் தகப்பனும் மனைவியும் சேர்ந்து வாசிக்க வேண்டும்.

எது எது என்ன

பெயர்களில் குழம்ப வேண்டாம். ஒரு நாட்டின் தலைநகரில் இருப்பது தூதரகம். பொதுநலவாய நாடுகளுக்கிடையில் அதையே உயர் ஸ்தானிகராலயம் என்கிறார்கள். அதனால்தான் தோஹாவிலும் குவைத்திலும் இலங்கைத் தூதரகம், லண்டனிலும் கோலாலம்பூரிலும் இலங்கை உயர் ஸ்தானிகராலயம். தலைநகருக்கு வெளியே பெரிய நகரங்களில் கொன்சியூலர் ஜெனரல் அலுவலகம் இருக்கும்: டுபாய், ஜித்தா, டொரொன்டோ, மிலான் போன்ற இடங்களில். சென்னையில் இருப்பது பிரதி உயர் ஸ்தானிகராலயம். சாதாரண ஆளுக்கு வேண்டிய வேலைகளான கடவுச்சீட்டு, பிறப்புப் பதிவு, கையெழுத்து அத்தாட்சி, சிறை, மரணம் எல்லாவற்றையும் இவற்றுக்குள் இருக்கும் கொன்சியூலர் பிரிவுதான் பார்க்கிறது. வளைகுடா நாடுகளில் தொழிலாளர் நலனுக்கென்று தனிப் பிரிவும் உண்டு.

நம் நாட்டுத் தூதரகம் இல்லாத நாட்டுக்குப் போகிறீர்களா? பக்கத்து நாட்டிலுள்ள தூதரகம் ஒன்று அதையும் சேர்த்துப் பார்க்கும். அயர்லாந்தில் படிக்கும் பிள்ளைக்கு லண்டன்தான் தூதரகம். போகமுன்பே இதைக் கேட்டறிந்து வையுங்கள்.

முதலாவது படி: பெயர்

ஆகக் கூடுதலாகத் தலையிடி தருவது பெயர்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நம்முடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் பெரும்பாலும் தமிழில் இருக்கிறது. பெயர் சிவகாமசுந்தரி என்று இருக்கும். கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தபோது ஒருவர் அதை ஆங்கிலத்தில் ஒரு விதமாக எழுதியிருப்பார், நடுவில் கே எழுத்துப் போட்டு. கலியாணப் பதிவை மொழிபெயர்த்தவர் ஜீ போட்டிருப்பார். பாடசாலைச் சான்றிதழில் கடைசியில் வை, அடையாள அட்டையில் ஐ. நமக்கு நான்கும் ஒரே ஆள்தான். றியாத்திலோ பாரிஸிலோ கவுண்டருக்குப் பின்னால் இருப்பவருக்கு அது நான்கு ஆள்.

தகப்பன் பெயரும் அப்படித்தான். நம்மிடம் குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லை. தகப்பன் பெயரை முன்னால் எழுதுகிறோம், அல்லது முதலெழுத்தாகச் சுருக்குகிறோம். வெளிநாட்டுப் படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அது போய் விழுந்து, தகப்பன் பெயராலேயே பிள்ளையை அழைக்கத் தொடங்குவார்கள். அது பரவாயில்லை. எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

செய்ய வேண்டியது இதுதான். கடவுச்சீட்டை முன்னால் வையுங்கள். அதில் இருக்கும் எழுத்துக்கூட்டல்தான் இனி உங்கள் பெயர். மொழிபெயர்ப்பாளரிடம் போகும்போது கடவுச்சீட்டுப் பிரதியையும் கொண்டு போய், "இந்த எழுத்துத்தான் வேண்டும்" என்று காட்டுங்கள். சத்தியப் பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரின் முத்திரை இருந்தால்தான் செல்லும். ஏற்கெனவே வேறுபாடு இருந்தால், இரண்டு பெயரும் ஒரே ஆளுடையவை என்று ஒரு சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள். பிறப்புப் பதிவிலேயே பிழை என்றால் சத்தியக் கடதாசியோடு நிற்காமல் பதிவாளர் மூலம் திருத்தியெடுங்கள். நாள் எடுக்கும். ஆனால் ஜித்தாவில் நின்றுகொண்டு திருத்த முடியாது.

1990 இடப்பெயர்விலும் 2004 மார்கழி சுனாமியிலும் தாள்களை இழந்த குடும்பங்கள் நம் மாவட்டத்தில் ஏராளம். பதிவு கணினியில் ஏற்றப்பட்டிருந்தால் புதிய பிரதி எடுப்பது இப்போது சிரமமில்லை. பதிவே இல்லை என்றால் உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்க வேண்டும். கிராம சேவகரிடமிருந்து தொடங்குங்கள்.

கடவுச்சீட்டு பற்றி ஒரு சொல்: செல்லுபடியாகும் காலம் ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தால் பல நாடுகள் உள்ளே விடாது. 2024 கடைசிப் பகுதியில் கடவுச்சீட்டுப் புத்தகத் தட்டுப்பாடு வந்து, பத்தரமுல்லையில் குடிவரவுத் திணைக்களத்தடியில் சனம் இரவிரவாக வீதியில் படுத்துக் கிடந்ததை மறக்க வேண்டாம். காலாவதி ஆகும் வருடத்திலேயே புதுப்பிக்கும் வேலையைத் தொடங்குங்கள். வெளிநாட்டில் இருந்து தூதரகம் வழியாகப் புதுப்பித்தாலும் விண்ணப்பம் பத்தரமுல்லைக்குத்தான் வரும். மாதக் கணக்கில் எடுக்கும்.

இரண்டாவது படி: கச்சேரியில் அத்தாட்சி

முன்பெல்லாம் ஒரு பிறப்புப் பத்திரத்தில் முத்திரை குத்துவதற்குக்கூட இரவுப் பஸ்ஸிலோ ரயிலிலோ கொழும்புக்கு ஓட வேண்டும். போக ஒரு இரவு, வர ஒரு இரவு, நடுவில் வரிசையில் ஒரு பகல். இப்போது வெளிவிவகார அமைச்சின் பிராந்திய கொன்சியூலர் அலுவலகம் திருகோணமலையிலேயே, மாவட்டச் செயலகத்தில் இயங்குகிறது. யாழ்ப்பாணம், கண்டி, குருநாகல், மாத்தறை ஆகிய இடங்களிலும் இதே போன்ற அலுவலகங்கள் உண்டு. தலைமைப் பிரிவு பத்தரமுல்லை சுஹுருபாய கட்டடத்தில். கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் இன்னமும் வான் பிடித்துக் கொழும்புக்குப் போகிறவர்களைக் காணும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. முதலில் இங்கே கேளுங்கள்.

அத்தாட்சி என்றால் என்ன என்று விளங்கிக்கொண்டால் அலைச்சல் குறையும். உங்கள் பிறப்புப் பத்திரத்தில் எழுதியிருப்பது உண்மை என்று அமைச்சு சொல்வதில்லை. கீழே இருக்கும் கையெழுத்தும் முத்திரையும் உரிய அதிகாரியுடையவைதான் என்று மட்டும் சொல்கிறது. அந்த அதிகாரியின் மாதிரிக் கையெழுத்து அவர்களிடம் இருக்க வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். முப்பது வருடத்துக்கு முந்திய, மடிப்பில் கிழிந்து ஒட்டுநாடா ஒட்டிய பத்திரத்தைக் கொண்டு போனால் திருப்பி அனுப்புவது அதனால்தான். புதிய பிரதி எடுத்துக்கொண்டு போங்கள்.

ஒழுங்கு இப்படி வரும். ஆவணத்தைக் கொடுத்த இடத்தின் உறுதிப்படுத்தல் முதலில். சாதாரண தரம், உயர்தரச் சான்றிதழ் என்றால் பரீட்சைத் திணைக்களம். பிறப்பு, கலியாண, மரணப் பத்திரம் என்றால் பதிவாளர் தரப்பு. அதற்குப் பிறகு மொழிபெயர்ப்பு. அதற்குப் பிறகு கொன்சியூலர் அலுவலகம். சில நாடுகள், குறிப்பாக வளைகுடா நாடுகள், இதற்கு மேலும் கொழும்பிலுள்ள தங்கள் தூதரகத்தின் முத்திரையைக் கேட்கும். ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டி வரும். ஆவணத்தைக் கேட்கும் நிறுவனத்திடமே "எந்த முத்திரை வரைக்கும் வேண்டும்" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கட்டணமும் முற்பதிவு முறையும் மாறிக்கொண்டிருக்கும். போகமுன் ஒரு போன் எடுத்து விசாரியுங்கள்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: மூலப் பத்திரத்தை லமினேட் செய்யாதீர்கள். பிளாஸ்டிக்கின் மேல் முத்திரை பிடிக்காது. எத்தனையோ பேர் பாதுகாப்பு என்று நினைத்துச் செய்துவிட்டு வந்து நிற்கிறார்கள்.

மூன்றாவது படி: பணியகப் பதிவு

வேலைக்குப் போகிறவர் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் பிளேன் ஏறக் கூடாது. சனம் பீரோ என்று சொல்வது இதைத்தான். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. பதிந்தவருக்குக் காப்புறுதி உண்டு. அவருடைய ஒப்பந்தம் பணியகத்திடம் இருக்கும், அதனால் தூதரகத்தின் தொழிலாளர் பிரிவு முதலாளியிடம் சம்பளம் கேட்கும்போது கையில் பிடிமானம் இருக்கும். பதியாதவருக்கும் தூதரகம் உதவத்தான் செய்யும். ஆனால் முதலாளி யார், என்ன சம்பளம் பேசினார்கள் என்பதில் இருந்து தேட வேண்டியிருக்கும்.

"இப்ப விசிட் விசாவில் போ, அங்கே மாத்தித் தருகிறோம்" என்று சொல்லும் சப் ஏஜென்டை வீட்டு வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று கூட்டிப் போகப்பட்ட நம் நாட்டுப் பிள்ளைகள் மியன்மார் எல்லையில் மியாவடி முகாம்களுக்குள் அடைபட்டதும், அவர்களை வெளியே எடுக்க யாங்கோனிலும் பாங்கொக்கிலும் இருக்கும் நம் தூதரகங்கள் பாடுபட்டதும் அண்மைக் கதை. ஏஜென்சியின் அனுமதிப் பத்திரம் உண்மையானதா என்பதைப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். முறைப்பாட்டுக்கும் அதே இலக்கம்தான்.

நான்காவது படி: வீட்டுக் கோவை

ஒரு சாதாரண கோவை வாங்குங்கள், எந்த நிறமென்றாலும் சரி. அதற்குள் வைக்க வேண்டியவை: கடவுச்சீட்டின் படமுள்ள பக்கமும் விசா பக்கமும், அடையாள அட்டை இரு பக்கமும், பிறப்புப் பத்திரம், கலியாணம் ஆனவரென்றால் அந்தப் பத்திரம், வேலை ஒப்பந்தம் எல்லாப் பக்கங்களும், பணியகப் பதிவு, ஏஜென்சியின் பெயர் முகவரி, காப்புறுதி, பயணச் சீட்டு. போன பிறகு அங்கே கிடைக்கும் அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சவூதியில் அதை இக்காமா என்பார்கள். கூடவே முதலாளியின் போன் இலக்கம், தங்கும் இடத்தின் வரைபடப் புள்ளி, ஒரே அறையில் இருக்கும் ஒருவரின் இலக்கம். இந்தக் கடைசி இலக்கம் பல தடவை ஆட்களைக் கண்டுபிடித்துத் தந்திருக்கிறது.

முதல் தாளில் கையால் எழுதுங்கள்: முழுப்பெயர், கடவுச்சீட்டு இலக்கம், பிறந்த தேதி, இரத்த வகை, நோய் இருந்தால் அதன் பெயர், அந்த நாட்டு இலங்கைத் தூதரகத்தின் போன் இலக்கமும் மின்னஞ்சலும். போனில் இருக்கிறதே என்று விடாதீர்கள். போன் உடையும், தொலையும், மழையில் நனையும். எல்லாத் தாளையும் படம் எடுத்து மின்னஞ்சலிலும் ஒரு பிரதி போட்டு வையுங்கள். கோவை இருக்கும் இடம் வீட்டில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

ஐந்தாவது படி: போய் இறங்கிய முதல் மாதம்

தூதரகம் எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை போய்ப் பார்த்து வாருங்கள். வீட்டு வேலைக்குப் போன அக்கா தங்கைமாருக்கு அது முடியாது. அவர்கள் இலக்கத்தை மனப்பாடம் செய்து, தாளிலும் எழுதி உடைக்குள் வைத்திருக்க வேண்டும். அரபியில் தூதரகத்தை சிஃபாரா என்பார்கள். "சிஃபாரா ஸ்ரீலங்கா" என்று சொல்லத் தெரிந்தால் டாக்சிக்காரருக்கும் பொலிஸ்காரருக்கும் விளங்கும்.

வீட்டிலிருந்து அழைப்பவர்களுக்கு நேரக் கணக்கு முக்கியம். குவைத், சவூதி, கட்டார் மூன்றும் நம்மை விட இரண்டரை மணி நேரம் பின்னால். டுபாயும் மஸ்கட்டும் ஒன்றரை மணி நேரம் பின்னால். காலை எட்டுக்கு இங்கிருந்து அடித்தால் தோஹாவில் விடிந்துகொண்டிருக்கும். பதினொன்றரைக்கு மேல் அடியுங்கள். குவைத், சவூதி, கட்டாரில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை, ஞாயிறு வேலை நாள். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 தொடக்கம் சனி, ஞாயிறு விடுமுறை. வெள்ளிக்கிழமை முழுக்க அடித்துப் பார்த்துவிட்டு "எம்பசியில் ஒருத்தரும் எடுக்கிறதில்லை" என்று அழுதுகொண்டு வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

சிக்கல் வந்தால்

கடவுச்சீட்டு தொலைந்தால் முதலில் அந்த நாட்டுப் பொலிஸில் முறைப்பாடு, அதன் பிரதி கையில். பிறகு தூதரகம். புதிய கடவுச்சீட்டுக்கு நாள் எடுக்கும். உடனே ஊர் வர வேண்டுமென்றால் தற்காலிகப் பயண ஆவணம் தருவார்கள். அதில் இலங்கைக்கு வரலாம், வேறு நாடுகளுக்குச் சுற்ற முடியாது. நீங்கள் இலங்கையர் என்று நிரூபிக்க ஏதாவது காட்ட வேண்டும். வீட்டுக் கோவையில் இருந்து ஐந்து நிமிடத்தில் படம் அனுப்பினால் அந்த வேலை முடிந்தது.

முதலாளி கடவுச்சீட்டைப் பிடித்து வைத்திருப்பது வேறு விஷயம். விருப்பமில்லாமல் தொழிலாளியின் கடவுச்சீட்டை வைத்திருக்க வளைகுடாச் சட்டங்களும் இடம் கொடுப்பதில்லை, ஆனாலும் நடக்கிறது. அடி, சம்பளமின்மை, வேறு துன்பம் என்று வெளியேற வேண்டி வந்தால் தெரிந்தவர் வீட்டுக்குப் போகாதீர்கள். நேராகத் தூதரகத்துக்கோ பொலிஸுக்கோ போங்கள். தெரிந்தவர் வீட்டில் ஒளிந்தால் முதலாளி "ஓடிவிட்டாள்" என்று பதிந்துவிடுவார். அதற்குப் பிறகு ஊர் திரும்புவதே வழக்காகிவிடும். வளைகுடாவில் சில தூதரகங்கள் அப்படி வரும் பெண்களைத் தங்கவைக்கப் பாதுகாப்பு இல்லம் வைத்திருக்கின்றன. விசா முடிந்து பதுங்கி வாழ்கிறவர்கள் பொதுமன்னிப்பு அறிவிப்பைக் கவனிக்க வேண்டும். 2024இல் குவைத்தும் அமீரகமும் அப்படிக் காலம் கொடுத்தன. அந்தச் சில மாதங்களுக்குள் தூதரகம் போய் ஆவணம் எடுத்தவர்கள் தண்டப்பணம் இல்லாமல் வெளியேற முடிந்தது.

கைது செய்யப்பட்டால், 1963ஆம் ஆண்டின் கொன்சியூலர் உறவுகள் பற்றிய வியன்னா உடன்படிக்கை ஓர் உரிமையைத் தருகிறது. "என் தூதரகத்துக்கு அறிவியுங்கள்" என்று கைதானவர் கேட்டால் தாமதமின்றி அறிவிக்க வேண்டும். அந்த உரிமையைச் சொல்ல வேண்டியதும் அவர்கள் கடமை. ஆனால் வாய் திறந்து கேட்க வேண்டும். விளங்காத மொழியில் இருக்கும் தாளில் கையெழுத்து வைக்காமல் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.

தூதரகத்தால் இயலாததையும் சொல்லிவிடுகிறேன். நீதிமன்றத்தில் உங்களுக்காக வாதாட முடியாது, சிறையிலிருந்து இழுத்து வர முடியாது, தண்டப்பணம் கட்ட முடியாது, அந்த நாட்டுச் சட்டத்தை மீற முடியாது. சிறைக்கு வந்து பார்க்கலாம், வீட்டுக்குச் சொல்லலாம், சட்டத்தரணிகளின் விபரம் தரலாம், சிறையில் மரியாதையாக நடத்துகிறார்களா என்று கேட்கலாம். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களும் கவனியுங்கள். கனடாப் பிரஜை இலங்கைக் கடவுச்சீட்டில் இங்கே வந்து இறங்கி வில்லங்கத்தில் மாட்டினால், கனடா உயர் ஸ்தானிகராலயத்தால் செய்யக்கூடியது குறைந்துவிடும். இலங்கை அவரைத் தன் பிரஜையாகத்தான் பார்க்கும்.

கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து பல நாள் படகில் போகும் தம்பிமார் தங்களை வெளிநாட்டுப் பயணி என்று நினைப்பதில்லை. எஞ்சின் பழுதாகி நீரோட்டம் இழுத்தாலோ எல்லை தெரியாமல் போனாலோ, அந்தமான், மியன்மார், தமிழ்நாடு என்று போய்ச் சேர்கிறார்கள். அதற்குப் பிறகு எல்லாம் தூதரக வேலை. ஐ.எம்.யூ.எல். என்று தொடங்கும் படகுப் பதிவிலக்கம், படகில் ஏறிய எல்லோருடைய பெயர், அடையாள அட்டைப் பிரதி, புறப்பட்ட நாள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வீட்டில் வைத்துவிட்டுக் கடலுக்குப் போங்கள். செய்தி வந்ததும் அந்தத் தாளோடு கடற்றொழில் அலுவலகத்துக்கும் கச்சேரிக்கும் போகலாம்.

ஆள் இறந்துவிட்டால்

இதை எழுதக் கை வரவில்லை, ஆனால் எழுதத்தான் வேண்டும். அந்த வீடுகளில் யோசிக்கும் நிலையில் ஒருவரும் இருப்பதில்லை. அதனால் தூரத்து உறவு ஒருவர், ஒரு சித்தப்பாவோ மச்சானோ, பொறுப்பெடுக்க வேண்டும்.

செய்தி உறுதியானதா என்று முதலில் தூதரகத்திடமோ கொன்சியூலர் அலுவலகத்திடமோ கேட்டு அறியுங்கள். முகநூலில் வந்ததை வைத்துத் தாயிடம் சொல்லாதீர்கள். பிறகு, இறந்தவரின் நெருங்கிய உரித்தாளர் யார் என்பதற்குக் கிராம சேவகர், பிரதேச செயலகம் வழியாக உறுதிப்படுத்தல் எடுங்கள். உடலை ஊருக்குக் கொண்டுவருவதா, அங்கேயே அடக்கம் செய்வதா என்று வீட்டார் முடிவெடுத்து எழுத்தில் கொடுக்க வேண்டும். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்கள் பலர் அங்கேயே ஜனாஸாவை அடக்கச் சம்மதிக்கிறார்கள். நம்மவர் பெரும்பாலும் ஊருக்குக் கேட்கிறார்கள். இரண்டுக்கும் தூதரகம் தாள் தயாரிக்கும். பொலிஸ் விசாரணை, வைத்திய அறிக்கை, உடலைப் பதப்படுத்திய சான்றிதழ், விமானப் பதிவு என்று வேலைகள் தொடர்வதால் நாள் எடுக்கும். பணியகத்தில் பதிந்தவர் என்றால் உடனே பணியகத்துக்கும் அறிவியுங்கள். உடலைக் கொண்டுவரும் செலவும் காப்புறுதியும் அந்த வழியில்தான் வரும்.

சம்பள நிலுவை, நட்டஈடு பற்றி அந்த நேரத்தில் கேட்க வெட்கப்பட வேண்டாம். அது பிள்ளைகளின் காசு. "எல்லாம் பெற்றுக்கொண்டோம்" என்று எழுதிய தாளில் யார் கேட்டாலும் கையெழுத்து வைக்கமுன் தூதரகத் தொழிலாளர் பிரிவிடம் காட்டுங்கள்.

பிள்ளை பிறந்தால், காணி விற்றால்

வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளையை ஒரு வருடத்துக்குள் தூதரகத்தில் பதியுங்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டப்படி, வம்சாவழியாக இலங்கைப் பிரஜையாவதற்கு அந்தப் பதிவு வேண்டும். வருடம் தாண்டினாலும் நியாயமான காரணம் காட்டிப் பதியலாம், ஆனால் அலைச்சல் கூடும். தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பிய குச்சவெளி, மூதூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்கு இது நன்றாகத் தெரியும். அங்கே பிறந்த பிள்ளைக்குச் சென்னை பிரதி உயர் ஸ்தானிகராலயம் வழியாகப் பதிவெடுத்து வந்தவர்களின் பிள்ளைகள் சிக்கலில்லாமல் பாடசாலைக்கும் அடையாள அட்டைக்கும் போனார்கள். எடுக்காமல் வந்தவர்கள் வருடக்கணக்காக அலைகிறார்கள். இன்னும் திரும்ப இருக்கிறவர்கள் இதை அங்கேயே முடித்துக்கொண்டு வாருங்கள்.

அற்றோணித் தத்துவம் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். அண்ணன் டொரொன்டோவில், காணி உப்புவெளியில், விற்கவோ வழக்குப் பேசவோ தங்கைக்கு அதிகாரம் கொடுக்க வேண்டும். அண்ணன் அங்குள்ள கொன்சியூலர் அதிகாரியின் முன்னால் நேரில் கையெழுத்து வைக்க வேண்டும். வீட்டிலேயே வைத்துவிட்டுக் கொண்டு போனால் ஏற்க மாட்டார்கள். மூலப் பிரதி இங்கே வந்ததும் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்தி, பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பதிய வேண்டும். இருவருடைய அடையாள அட்டை இலக்கங்களும் அதில் இருக்க வேண்டும்; உறுதி இலக்கம், காணியின் பரப்பு, எல்லைகள் எல்லாம் காணி உறுதியில் உள்ளபடியே இருக்க வேண்டும். சட்டத்தரணியிடம் வரைவை முதலில் காட்டுங்கள். என் அபிப்பிராயம்: "என் சகல சொத்துக்கும்" என்று பொது அற்றோணித் தத்துவம் கொடுக்காதீர்கள், எவ்வளவு நெருங்கிய உறவென்றாலும். இந்தக் காணி, இந்த வேலை என்று விசேட அற்றோணித் தத்துவம் கொடுங்கள். சகோதரங்கள் முகம் பார்க்காமல் போனதைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் தங்குமிடம் நடத்துகிறவர்களுக்கு

வெள்ளைக்கார விருந்தினர் கடவுச்சீட்டைத் தொலைத்துவிட்டு உங்களிடம்தான் முதலில் வந்து நிற்பார். பக்கத்துப் பொலிஸ் நிலையத்துக்குக் கூட்டிப் போய் முறைப்பாட்டுப் பிரதி எடுத்துக் கொடுங்கள். சுற்றுலாப் பொலிஸ் இலக்கம் 1912. அவருடைய நாட்டுத் தூதரகம் கொழும்பில் இருந்தால் சரி. எல்லா நாட்டுக்கும் இங்கே தூதரகம் இல்லை. அயர்லாந்துக்காரருக்குப் பொறுப்பானது புதுடில்லி. ஆனால் ஐரோப்பிய ஒன்றியப் பிரஜை ஒருவர், தன் நாட்டுத் தூதரகம் இல்லாத இடத்தில் ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற இன்னொரு ஒன்றிய நாட்டின் தூதரகத்தில் உதவி கேட்கலாம். இது அவர்களிலேயே பலருக்குத் தெரியாது. நீங்கள் சொன்னால் டெல்லிக்கு அழைத்து அழைத்துச் சோரமாட்டார். புதிய ஆவணம் கிடைத்த பிறகு இங்கே தங்கும் விசா பற்றிக் குடிவரவுத் திணைக்களத்தில் சரிபார்த்துவிட்டுத்தான் விமான நிலையம் போகச் சொல்லுங்கள். உடல்நலக் குறைவென்றால் 1990 அம்புலன்ஸ் வெளிநாட்டவருக்கும் வரும்.

தூதரகத்துக்கு எழுதும் முறை

தமிழிலேயே எழுதலாம். தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழி. ஆனால் பெயரையும் இலக்கங்களையும் கடவுச்சீட்டில் உள்ளபடி ஆங்கில எழுத்திலும் போடுங்கள். நீண்ட கதை வேண்டாம். நான் இப்படித்தான் எழுதிக் கொடுக்கிறேன்:

"ஐயா / அம்மணி, என் மகன் (முழுப்பெயர்), கடவுச்சீட்டு இலக்கம் (…), அந்நாட்டு அடையாள இலக்கம் (…), (…) ஆம் தேதி தொடக்கம் தொடர்பில் இல்லை. கடைசியாகப் பேசிய இலக்கம் (…). வேலை செய்யும் இடம் (…), முதலாளியின் இலக்கம் (…), அறைத் தோழரின் இலக்கம் (…). பணியகப் பதிவு இலக்கம் (…). அவர் இருக்கும் இடத்தையும் நலத்தையும் அறிந்து தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நான் அவருடைய தாய். என் அடையாள அட்டைப் பிரதியும் அவருடைய கடவுச்சீட்டுப் பிரதியும் இணைத்துள்ளேன். என்னை அழைக்க வேண்டிய இலக்கம் (…)."

தூதரகத்துக்கு அனுப்பும்போதே கொன்சியூலர் பிரிவுக்கும், வேலைக்குப் போனவரென்றால் பணியகத்துக்கும் பிரதி போடுங்கள். கச்சேரியிலுள்ள அலுவலகத்தில் ஒரு பிரதியைக் கையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். அனுப்பிய தேதி, நேரம், யாரோடு கதைத்தீர்கள், அவர் என்ன சொன்னார் என்பதைக் கோவையின் முதல் தாளுக்குப் பின்பக்கம் வரி வரியாக எழுதி வாருங்கள். ஒரு கிழமையில் பதில் இல்லையென்றால் அந்தத் தாளோடு மறுபடி வாருங்கள்.